தீப்பந்தம் ஏந்தாத தீவு

ஹாஸ்லோத் தீவுக்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. செத்தாலும் வாய்விட்டு எதையும் கேட்க மாட்டார்கள். அவர்கள் அதை மானம் என்று சொல்லிக்கொள்வார்கள். எதிர்க்கரையில் கெர்ஸ்ஹவுன் நகரத்தில் இருப்பவர்கள் அதைக் கொழுப்பு என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் கடல் உறைந்து படகு நின்றுபோனபோது, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த வயலில் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று வந்து இறங்கியது. என்ன வேண்டும் என்று அந்த விமானி கேட்டான். மாட்டுக்குத் தீவனம் தீர்ந்திருந்தது, வீடுகளில் வெண்ணெய் இல்லை, மாவு இல்லை. கூடி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, எல்லாம் இருக்கிறது, காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று அவனுக்கு உபசாரம் செய்து அனுப்பிவைத்தார்கள். அவன் குடித்தது ஊரில் மிச்சமிருந்த கடைசிக் காப்பித்தூளில் போட்டது.

இந்த மண்ணில் பிறந்தவன்தான் எஸ்கில் தாம்கோர். பொருளாதாரம் படித்து, அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்து, மேயராகி, நாடாளுமன்றம்வரை போனவன். ஊர் உலகத்துக்கெல்லாம் கணக்குப் போட்டவனுக்குத் தன் ஜனங்களின் இந்தக் குணத்தைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை. அவன் வாழ்க்கை அதில்தான் கெட்டது.

அப்பாவுக்கு உருளைக்கிழங்கு நிலமும் கொஞ்சம் ஆடுகளும் இருந்தன. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவர் வில்லாஸ், ஆறு வயது இளையவன் எஸ்கில். கப்பல் இன்ஜின் படிப்புக்கு எதிர்க்கரையில் வில்லாஸுக்கு இடம் கிடைத்திருந்த சமயத்தில், வண்டி கவிழ்ந்து அப்பாவின் முதுகு போயிற்று. யாராவது ஒருவர் நிலத்தோடு நிற்க வேண்டும். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் வில்லாஸ் அப்பாவின் பூட்ஸை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். இருக்கிறாயா என்று அப்பா கேட்கவில்லை, இருக்கிறேன் என்று பிள்ளை சொல்லவுமில்லை. தம்பி ஓஹூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அவன் அறை வாசலுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பெயர் அதில் இருக்காது.

எஸ்கில் நன்றாகப் படித்தான். தலைநகரமான கோப்பன்ஹேகனில் ஒரு அமைச்சகம் அவனைக் கொத்திக்கொண்டு போனது. அங்கே அவன் கற்றுக்கொண்ட வித்தை செலவைக் குறைப்பது. எங்கே வெட்டலாம் என்று எவன் வேண்டுமானாலும் சொல்லிவிடுவான், எதை வெட்டினால் அந்த வெட்டு நிலைக்கும் என்பதுதான் சூட்சுமம். இருபது வருடம் நாடு முழுக்க நகராட்சிகளைப் பார்த்துவிட்டு எஸ்கில் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். வெட்டு வருகிறது என்று தெரிந்ததும் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் வருகிறவர்களின் பள்ளிக்கூடம் பிழைக்கும், நூலகம் பிழைக்கும். சத்தம் போடாதவர்களுடையது போகும். இதை அவன் ஒரு கட்டுரையாகவே எழுதினான். மேலதிகாரிகள் மெச்சினார்கள். அந்தக் கட்டுரையை எழுதியபோது தான் எந்த ஊரில் பிறந்தோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

கல்யாணமும் செய்துகொண்டான். பல் டாக்டர். பத்து வருடம் ஒரே வீட்டில் மரியாதையாக இருந்துவிட்டு, மரியாதையாகப் பிரிந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியதும் கோப்பன்ஹேகன் அலுத்துப்போய்க் கெர்ஸ்ஹவுனுக்கு வந்து சேர்ந்தான். ஹாஸ்லோ அந்த நகராட்சியைச் சேர்ந்ததுதான். துறைமுகத்தில் நின்றால் தீவின் தேவாலயக் கோபுரம் தெரியும். படித்தவன், கணக்குத் தெரிந்தவன், தீவுக்காரனாக இருந்தும் நாலு வார்த்தை பேசுகிறவன் என்று நகராட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த தேர்தலில் மேயர் சங்கிலி கழுத்தில் ஏறியது.

அதற்குள் வில்லாஸுக்கு நடுக்குவாதம் வந்துவிட்டது. முதலில் காப்பிக் கோப்பை ஆடியது, பிறகு கால். மனைவி குத்ரூனால் தனியாகத் தூக்கி எடுக்க முடியாமல் போனபோது, தீவில் இருந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். இல்லம் என்றால் பெரிய கட்டடமில்லை, ஒரே தளம், எட்டு அறை, கடற்கரை ஓரம். சமைக்கிற பெண்ணில் இருந்து குளிப்பாட்டுகிற பெண்வரை எல்லோரும் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். குத்ரூன் தினமும் காலையில் நடந்து வந்து கணவருக்கு முகம் மழித்துவிட்டு, பத்திரிகை வாசித்துக்காட்டிவிட்டு, மத்தியானம் மீனோ பன்றிக்கறியோ இருந்தால் ஊட்டிவிட்டுப் போவாள். அங்கே யாராவது இறந்தால் பெட்டியை முன்வாசல் வழியாகத்தான் தூக்குவார்கள். எழுந்து நிற்க முடிந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்று பாடி அனுப்புவார்கள். வில்லாஸுக்கு நடுக்கம் வந்த பிறகும் குரல் கெடவில்லை. அந்தப் பாட்டுக்கு அவர்தான் முதல் அடி எடுத்துக்கொடுப்பார். தன் முறையும் இங்கேதான் வரும் என்று அவருக்கு நிச்சயம். வாழ்க்கையில் அவர் எதிர்பார்த்து வைத்திருந்தது அது ஒன்றுதான்.

எஸ்கில் மேயரான இரண்டாவது வருடம் நகராட்சிக்கு நெருக்கடி. இலையுதிர்காலம் வந்தாலே வெட்டுப்பட்டியல் வரும். அதிகாரிகள் தயாரிப்பார்கள், மக்கள் கருத்துச் சொல்ல மூன்று வாரம் கொடுப்பார்கள், அதற்குப் பிறகு கட்சிக்காரர்கள் உட்கார்ந்து பேரம் பேசி முடிப்பார்கள். எஸ்கில் உண்மையிலேயே மூட நினைத்தது நகரத்து நீச்சல் குளத்தைத்தான். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, பாதி நாள் ஆளே வருவதில்லை. ஆனால் அது எதிர்க்கட்சித் தலைவர் ஹோல்கெருக்கு உயிர். இரும்புக்கடை வைத்திருந்த ஹோல்கெர் இளவயதில் அங்கே பதக்கம் வாங்கியவர். அவரை இறங்கிவரச் செய்ய வேண்டுமானால், அதைவிடப் பெரியதாக ஒன்றைக் காட்டிப் பயமுறுத்தி, பிறகு பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவர் குளத்தைக் கைவிடுவார்.

இந்த இடத்தில்தான் நம் எஸ்கில் தன் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டான். குளத்தோடு தீவின் முதியோர் இல்லத்தையும் பட்டியலில் போடச் சொன்னான்.

அவன் கணக்கு அவனுக்குப் பளிச்சென்று இருந்தது. தீவு, கடற்கரை, நடக்க முடியாத கிழவர்கள். இதைவிட மனதை உருக்குவதற்கு என்ன வேண்டும்? ஒரே வாரத்தில் படகு நிறையத் தீப்பந்தம் வந்து இறங்கும், பத்திரிகைகள் கதறும், ஹோல்கெர் மேஜையைத் தட்டுவார். நான் தலை குனிந்து இல்லத்தை விட்டுவிடுவேன், குளத்தை மூடுவேன். அதிகாரிகளுக்குத் தயக்கம் இருந்தது. ரத்த சொந்தம் சம்பந்தப்பட்ட விஷயம் பேச்சுக்கு வந்தால் மன்ற உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது சட்டம். அண்ணன் அங்கே இருக்கும்போது மேயர் உள்ளே உட்கார முடியாது. அந்த நேரம் வெளியே நிற்கிறேன், என்னை யார் கேட்கப் போகிறார்கள் என்று எஸ்கில் சிரித்தான். நிருபர் ஒருத்தி இதைப் பற்றிக் கேட்டபோது, அண்ணன் இருக்கும் வீடு என்பதற்காக அதை மட்டும் ஒளித்துவைப்பது நியாயமில்லை, நான்தான் சேர்க்கச் சொன்னேன் என்று பெருமையாகப் பதில் சொன்னான். அந்த வாக்கியம் மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது.

முதல் வாரத்திலேயே தீப்பந்தங்கள் வந்தன. நீச்சல்காரர்கள் கொண்டுவந்தார்கள். அக்டோபர் மழையில், கோட்டுக்கு மேலே ரப்பர்த் தொப்பி மாட்டிக்கொண்டு, நானூறு பேர் நகராட்சிக் கட்டடத்தைச் சுற்றி வந்து பாடினார்கள். குழந்தைகள் நீச்சல் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தீவில் இருந்து ஒருவரும் வரவில்லை.

எஸ்கில் தினமும் காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் ஹாஸ்லோவில் இருந்து கடிதம் ஏதாவது உண்டா என்று கேட்டான். இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. முதலில் எரிச்சல் வந்தது. பிறகு தபால் கட்டைத் தானே பிரித்துப் பார்த்தான். மூன்றாவது வாரம் வில்லாஸின் பிறந்தநாள் வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு படகேறினான்.

இல்லத்தின் கொடிக்கம்பத்தில் கொடி ஏற்றியிருந்தார்கள். மேஜையிலும் சின்னக் கொடிகள், காப்பி, மூன்றடுக்குக் கேக். எட்டுக் கிழவர்களும் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள், காற்றைப் பற்றிப் பேசினார்கள். தங்கள் தலைமேல் தொங்கும் கத்தியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அவனுக்குக் கேக் பெரிய துண்டாக வெட்டி வைத்தார்கள்.

கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போன குத்ரூனின் பின்னாலேயே எஸ்கில் போனான். ஏதாவது சொல்ல நினைக்கிறவர்கள் மன்றத்துக்கு எழுதலாம், இன்னும் சில நாள் இருக்கிறது என்று சுற்றிவளைத்து ஆரம்பித்தான்.

"எதுக்கு எழுதணும்?" என்றாள் குத்ரூன். "நீ யோசிக்காமலா போட்டிருப்பே."

"இல்ல அண்ணி, ஊர்வலம் மாதிரி ஏதாச்சும்... நீச்சல்காரங்க எல்லாம் வந்தாங்க."

"அவங்க வருவாங்க. அவங்களுக்கு நீ யாரோ. நாங்க பந்தத்தத் தூக்கிட்டு வந்து நம்ம வீட்டுப் பையன் மூஞ்சிக்கு நேரா நிக்கச் சொல்றியா? உங்க அண்ணன் மானமே போயிரும்." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "போய் உக்காரு, கொழுந்தனாரே. எங்களால உனக்கு ஒரு இடைஞ்சலும் வராது."

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இது சும்மா காட்டிய பூச்சாண்டி, நீங்கள் கத்தினால்தான் என்னால் கைவிட முடியும், தயவுசெய்து கத்துங்கள் என்று காலில் விழுந்திருக்கலாம். ஆனால் மேயர் தன் திட்டத்துக்கு எதிராகத் தானே ஆள் திரட்டினான், அதுவும் அண்ணனுக்காக, என்று வெளியே வந்தால் என்ன ஆகும்? அந்தப் பயம் இருந்தது. அதைவிடக் கேவலமான இன்னொன்றும் இருந்தது. அவ்வளவு நம்பிக்கையோடு பார்க்கிற அண்ணியிடம், நான் உங்களைச் சீட்டாட்டத்தில் பந்தயமாக வைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் படகுக்குப் போனான்.

பேச்சுவார்த்தை நாள் வந்தது. முதியோர் இல்லம் என்று அதிகாரி வாசித்ததும் எஸ்கில் எழுந்து வெளியே போனான், கதவு சாத்தப்பட்டது. தாழ்வாரத்தில் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றான். உள்ளே ஹோல்கெர் மேஜையைத் தட்டுகிற சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒரு சத்தமும் வரவில்லை. ஊற்றிய காப்பியைக் குடிப்பதற்குள் கதவு திறந்தது. ஹோல்கெரே வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. எஸ்கிலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மேயரே, உங்களோட நான் எவ்வளவோ சண்டை போட்டிருக்கேன்" என்றார். "இன்னிக்கு உள்ள ஒரு ஆளும் வாயத் திறக்கல. சொந்த அண்ணன் இருக்கற வீட்டையே நீங்க எடுத்து வைக்கறீங்கன்னா, வேற வழி இல்லன்னுதானே அர்த்தம். அதப் போயி நாங்க தடுத்தா, மேயரோட குடும்பத்துக்குச் சலுகை பண்ணினதா ஆயிரும். அந்த அவமானத்த உங்களுக்குத் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். எல்லாரும் ஒரே மனசா ஒத்துக்கிட்டாங்க. குளத்தப் பத்தியும் கவலைய விடுங்க, அத மூட வேண்டியதில்ல, இதுல மிச்சமாகறதே போதும்."

அந்த மனிதர் முழு மனதோடு, மரியாதையாக, அன்பாகத்தான் இதைச் செய்தார். உள்ளே இருந்த அத்தனை பேரும் அப்படித்தான். ஒரு கெட்டவன்கூட இல்லாத அறையில் அந்த இல்லம் மூடப்பட்டது. எஸ்கிலுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று. நன்றி என்று சொன்னான். வேறென்ன சொல்வான்?

மன்றத்தின் கடைசி வாக்கெடுப்புக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எஸ்கில் அதை விலக்கிக்கொள்ளப் பார்க்காமல் இல்லை. நகராட்சியின் தலைமை அதிகாரியைக் கூப்பிட்டு, இல்லத்தைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டான். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பட்டியல் மன்றத்தின் கைக்குப் போய்விட்டது, இனி அந்த விஷயத்தைப் பற்றி நீங்கள் என்னிடம் பேசவே கூடாது, நீங்கள் பேசியதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னது சரி. அவன் விரித்த வலைக்குச் சட்டமே காவல் நின்றது. வாக்கெடுப்பு நாளில் மறுபடியும் எழுந்து வெளியே போய், மறுபடியும் அதே தாழ்வாரத்தில் நின்றான்.

வசந்தகாலத்தில் எட்டுப் பேரையும் படகில் ஏற்றினார்கள். தீவே துறைமுகத்துக்கு வந்திருந்தது, ஆனால் அழுகை, கூச்சல் ஒன்றுமில்லை. சக்கர நாற்காலிகள் உருளாமல் இருக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். நான் கடைசியில் கப்பலேறிவிட்டேன், ஐம்பது வருடம் தாமதம் என்று வில்லாஸ் இன்ஜின்காரனிடம் கிண்டலடித்தார். எஸ்கில் அவர் பக்கத்தில் நின்றிருந்தான். சிரிக்க முயன்றான். அன்று வந்த பத்திரிகைப் படத்தில் அவன் சிரித்த மாதிரிதான் இருக்கிறது.

நகரத்து இல்லத்தில் வில்லாஸுக்கு மூன்றாவது மாடி. சுத்தமான அறை, பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கார்கள் நிறுத்துகிற இடம். கடல் கட்டடத்தின் மறுபக்கம் இருந்தது. குத்ரூன் தினமும் காலைப் படகில் வந்தாள். காற்று அடித்துப் படகு நின்ற நாட்களில் வில்லாஸ் மழிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அங்கே வேலை பார்த்த பெண்கள் நல்லவர்கள், ஆனால் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர் யாருடைய பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று அவருக்கும் தெரியாது. இறந்தவர்களைப் பின்பக்க லிப்டில் இறக்கினார்கள். வாசலில் ஆம்புலன்ஸ் வருகிற நேரத்தில் பாட்டு வைத்துக்கொள்ள அங்கே யாரால் முடியும்? ஹாஸ்லோவில் இருந்து வந்த எட்டுப் பேரில் பாதிப் பேர் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. வயதானவர்கள், எப்படியும் போகிறவர்கள் என்று டாக்டர் சொன்னார். எஸ்கில் அப்படி நம்பப் பார்த்தான், முடியவில்லை. நான் அவர்களைக் கொன்றேன் என்று தனியாகக் காரில் உட்கார்ந்திருக்கும்போது உரக்கச் சொல்லிப் பார்த்தான்.

இதில் கொடுமை என்னவென்றால் அவன் பெயர் ஏறிக்கொண்டே போனது. அண்ணன் என்றும் பாராத மேயர் என்று தலைநகரத்துப் பத்திரிகைகள் எழுதின. அரசியல்வாதிகளை நம்பாத ஜனங்கள் அவனை நம்பினார்கள். நகராட்சித் தேர்தலில் மற்ற யாருக்கும் கிடைக்காத வாக்கு அவனுக்குக் கிடைத்தது. வாக்குச்சாவடி வாரியாக முடிவு வந்தபோது எஸ்கில் ஹாஸ்லோவைத்தான் முதலில் தேடினான். திட்டியிருப்பார்கள், கைவிட்டிருப்பார்கள், அப்படி இருந்தால் கொஞ்சமாவது மூச்சு விடலாம் என்று தேடினான். தீவு ஏறக்குறைய மொத்தமாக அவனுக்கே வாக்களித்திருந்தது.

பிறகு கட்சி அவனை நாடாளுமன்றத்துக்கு நிற்கச் சொன்னது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய காரணம் அவனிடம் இல்லை. நின்றான், ஜெயித்தான். கோப்பன்ஹேகனில் நிதி விஷயங்களில் கட்சி சார்பில் பேசுகிறவன் ஆனான். கடினமான முடிவை எடுக்கத் துணிந்தவர் என்று மேடைக்கு மேடை அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் குனிந்து காகிதங்களைப் புரட்டினான். அப்புறம் அதுவும் நின்றுபோனது. அது நின்றுபோனதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. இளம் உறுப்பினர்கள் ஆலோசனை கேட்டு வருவார்கள். அவனும் ஆலோசனை சொன்னான். எண்கள் சரியாகத்தான் இருந்தன. அவனுக்கு எதிலும் பிடிப்பு இல்லை. காலையில் சட்டையை மாட்டும்போதே அன்றைய நாள் முடிந்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. வில்லாஸ் படுத்த படுக்கையானார். விழுங்குவது கஷ்டமாகிவிட்டது என்று குத்ரூன் போன் செய்ததும் எஸ்கில் ரயிலேறி வந்தான். வில்லாஸ் தூங்கிக்கொண்டிருந்தார். இருவரும் தாழ்வாரத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். குத்ரூன் பையில் இருந்து ரொட்டியை எடுத்துப் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். ஈரல் விழுது தடவிய கறுப்பு ரொட்டி. அதைக் கையில் வைத்துக்கொண்டே எஸ்கில் எல்லாவற்றையும் சொன்னான். குளத்தைப் பற்றி, ஹோல்கெரைப் பற்றி, அவர்கள் தீப்பந்தத்தோடு வருவார்கள் என்று காத்திருந்ததைப் பற்றி. இல்லத்தை மூட வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதையும் சொன்னான்.

குத்ரூன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள்.

"மூட வேண்டிய தேவையே இல்லையா?" என்றாள்.

"இல்ல அண்ணி."

"நாங்க கத்தியிருந்தா நின்னுருக்குமா?"

"நின்னுருக்கும்."

அவள் ரொட்டியைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினாள். சுற்று சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி சுற்றினாள். அழவில்லை. "இத்தன நாள் நீ தப்புப் பண்ணினே, சரி. அது உன்னோட பாரம். இப்ப எங்க தலையிலயும் பாதிய எறக்கி வச்சிட்டே" என்றாள். "நாங்க வாய மூடிட்டு இருந்ததாலதான் அவரு இங்க கெடக்கறாருன்னு இனிமே நான் நெனச்சிட்டே இருக்கணும். இத எதுக்குடா எங்கிட்ட சொன்னே? உனக்கு லேசா இருக்கணும்னா?"

எஸ்கிலுக்கு லேசாகவும் இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான், அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அவருகிட்ட இதச் சொல்லிராத" என்றாள். "சொன்னேன்னா நான் உயிரோட இருக்கற வரைக்கும் நீ தீவுல கால் வைக்கக் கூடாது."

உள்ளே போனபோது வில்லாஸ் விழித்திருந்தார். புதிதாக வந்த நர்ஸ் பெண் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தம்பியைக் கண்டதும் அவர் முகத்தில் இருந்த விறைப்பு கொஞ்சம் இளகியது. குரல் தேய்ந்துபோயிருந்தது, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சை இழுக்க வேண்டியிருந்தது. இவன்தான் என் தம்பி, நாடாளுமன்றத்தில் இருக்கிறான், அண்ணன் என்று பார்க்காமல் நியாயத்தைச் செய்தவன் என்று அந்தப் பெண்ணுக்கு அவனை அறிமுகப்படுத்தினார். பத்திரிகையில் படித்திருக்கிறேன் என்று அவள் சொன்னாள், எஸ்கிலை மரியாதையோடு பார்த்துவிட்டு வெளியே போனாள்.

எஸ்கில் கட்டில் ஓரம் உட்கார்ந்தான். குத்ரூன் ஜன்னல் பக்கம் போய், காய்ந்த துண்டுகளை மடிக்க ஆரம்பித்தாள். வில்லாஸின் கை போர்வை மேல் ஆடிக்கொண்டே இருந்தது. எஸ்கில் அதைப் பிடித்துக்கொண்டான். பிடித்ததும் அவன் கையும் சேர்ந்து ஆடியது.

"எஸ்கில்."

"சொல்லுண்ணே."

"ராத்திரில படுத்துட்டு யோசிப்பேன். அங்க இருந்திருந்தா அலைச் சத்தம் கேக்குமேன்னு." மூச்சு வாங்கினார். "உன்ன ஒண்ணும் சொல்லல. ஒரே ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கணும். வேற வழி இல்லாமதானேடா பண்ணினே?"

குத்ரூன் மடித்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது. அவள் திரும்பவில்லை.

"ஆமாண்ணே" என்றான் எஸ்கில். "வேற வழியே இல்ல."

"அப்பச் சரி" என்றார் வில்லாஸ். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறக்காமலே, "அப்ப நான் இங்க கெடக்கறது வீண் இல்ல" என்றார்.

மத்தியான உணவு வண்டி தாழ்வாரத்தில் உருண்டு வந்தது, குத்ரூன் கையில் இருந்த துண்டை மடித்து வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.